வாசலில் நிற்பவன்

தொலைக்காட்சியில் ஏழு வருடம் ஓடிய ‘விண்காவல்’ தொடரை இப்போது கணினி விளையாட்டாக்கியிருந்தார்கள். பாழடைந்த விண்கலத்துக்குள் நான்கு பேர் மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு நுழைந்து, அங்கே பதுங்கியிருக்கும் அந்நியர்களைச் சுட வேண்டும். ஜெர்லினின் அணித் தலைவன் பாண்டியராஜன் போன ஆட்டத்தின் பதிவை இணையத்தில் ஏற்றியிருந்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்ததிலிருந்து ஜெர்லின் அதற்கு வந்த கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“தொடர்ல கேட்ட அதே துப்பாக்கிச் சத்தம். புல்லரிச்சுப்போச்சு.”

“தொடர்ல வந்த கேப்டன் மூஞ்சி இதுல ஏன் அவிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு?”

“வாசல்லயே நிக்கிற நாலாவது ஆளு யாருப்பா, வாட்ச்மேனா?”

அந்த நாலாவது ஆள் அவள் கணவன் அனிஷ். ‘இன்னைக்கும் அவர் உள்ள வரலேன்னா வேற ஆள் போட்டுக்கிறேன்’ என்று பாண்டியராஜன் செய்தி அனுப்பியிருந்தான். கல்யாணமாகி ஐந்து மாதம். கடலுக்குப் போகிற அனிஷும் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிற அவளும் சேர்ந்து செய்வது இந்த ஒன்றுதான். அதுவும் போய்விடுமோ என்றிருந்தது. ஆனாலும் கோபம் வரவில்லை. அங்கே நின்றுகொண்டு அவன் என்னதான் நினைக்கிறான்?

“ஏங்க, உள்ள வர பயமா?” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனிடம் கேட்டாள்.

“பயமா? நீ மூச்சுக்குழாய மாட்டிக்கிட்டு உள்ள போற. குழாய் வாசல் வழியாத்தான கெடக்கு. எவனாவது அறுத்துட்டா?”

சங்கு குளிக்கும் வள்ளத்தில் அவனுக்கு அதுதான் வேலை. முங்கியவன் மேலே வரும்வரை காற்றுக்குழாயை விட்டு நகரக் கூடாது.

“அது சும்மா படம். யாரும் அறுக்க முடியாது.”

“தெரியும்ளா. கை கேக்கமாட்டேங்கு.”

அவள் சிரிக்கப் போனாள், சிரிப்பு வரவில்லை. இத்தனை ஆட்டத்தில் ஒருமுறைகூட அவள் வாசலைத் திரும்பிப் பார்த்ததில்லை.

“இன்னைக்கு நீங்க உள்ள போங்க. நான் நிக்கேன்.”

ஆட்டம் தொடங்கியது. அனிஷ் இருட்டுக்குள் மறைந்தான். அவன் குழாய் மட்டும் தரையில் நெளிந்து நெளிந்து போனது. நடுவில் ஓரிடத்தில் அசைவு நின்றது. பக்கத்து நாற்காலியில்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அந்த நொடியில் ஜெர்லினுக்கு உதவவில்லை. மறுபடி அசைந்த பிறகுதான் மூச்சு வந்தது.

“என்னங்க ஜெர்லின், நீங்களுமா? ஓடி வாங்க, ஆள் பத்தலை!” காதுக்குள் பாண்டியராஜன் கத்தினான்.

வெறும் படம் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். விரல் நகரவில்லை.

தோற்றார்கள். இருவர் பெயரையும் பாண்டியராஜன் அணியிலிருந்து நீக்கினான்.

“ஏளா, உள்ள எம்புட்டுப் பெருசா இருக்கு! நீ சொல்லவே இல்லியே” என்றான் அனிஷ்.

ஜெர்லின் இருவர் மட்டும் ஆடும் பகுதியைத் திறந்தாள்.

“மொதல்ல யாரு நிக்க?”