ஒரு நம்பர் சின்னது

செருப்புக் கடையில் அவருக்கு அளவுகோல் என்று பெயர். உள்ளே நுழைகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்த்தே நம்பரைச் சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் நாலைந்து தடவைதான் தப்பியிருக்கும். அதையும் அந்தக் கால்களின் குற்றம் என்றே சாதிப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஆறு மாதமாகத் தன் எட்டாம் நம்பர் காலை ஏழாம் நம்பர் ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருந்தார். எட்டு லொடலொடவென்று இருக்கிறதாம், ஏழுதான் கச்சிதமாம். சர்க்கரை வந்து பதினோரு வருஷம். மாத்திரை போட்டதாக மனைவிக்குப் போக்குக் காட்டுவதில் மட்டும் மகா கெட்டிக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அவருடைய சாக்ஸில் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டாள் மனைவி. ஓடிவந்து காலைப் பிடித்துத் திருப்பினாள். சுண்டுவிரல் ஓரத்தில் தோல் உரிந்து குழி விழுந்திருந்தது. அவள் தம்பிக்கும் ஒரு விரலில்தான் ஆரம்பித்தது, கடைசியில் முழங்காலோடு எடுத்தார்கள்.

"வலிக்கலையா?"

"கடிக்கவே இல்லையே! கடிச்சா எனக்குத் தெரியாதா? என் தொழிலே அதுதானே!"

"சரி, இந்தக் கால் உங்க கடைக்கு வந்தா என்ன நம்பர் குடுப்பீங்க?"

அவர் குனிந்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"எட்டு," என்றார்.

மறுநாள் டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். "எலும்புக்குப் போகல. இந்தத் தடவை விரல் தப்பிச்சுது. பாதத்துல உணர்ச்சி எவ்வளவு இருக்குன்னு இப்பப் பாக்கணும். கண்ணை மூடிக்குங்க. நான் தொடுறப்பல்லாம் 'ஆமா'ன்னு சொல்லுங்க," என்று மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். மின்விசிறி கடகடத்தது. டாக்டரம்மா ஏதோ மருந்து எழுதுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கடை திறந்திருப்பார்கள், முதல் ஆள் வந்திருப்பார். பொறுமை போய்விட்டது.

"எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?"

கண்ணைத் திறந்தார். டாக்டரம்மா இழையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மனைவி அவருடைய பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணெல்லாம் நீர்.

"பத்து இடத்துல தொட்டுட்டாங்க," என்றாள்.