தையலில் மாட்டிய குழாய்

ஆபரேஷன் என் பொண்டாட்டிக்கு, வியாதி எனக்கு. யார்கிட்ட சொன்னாலும் முழிப்பாங்க. எனக்கு ரெண்டு கிட்னியும் கைவிட்டாச்சு. பாதி நாள் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு, மீதி நாள் தையல் மெஷின்ல உக்காந்திருக்கேன். அவளோட கிட்னி எனக்குப் பொருந்துதுன்னு டெஸ்ட்ல வந்துச்சு. ஆனா, "இந்த எடையில எடுக்க முடியாதும்மா, இளைச்சுட்டு வாங்க"ன்னுட்டாங்க. நடந்தா, பட்டினி கிடந்தா, அழுதா. உடம்பு அசைஞ்சு குடுக்கல. கடைசியில வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷனுக்கு அவளே போய் நாள் குறிச்சுட்டு வந்துட்டா. வேணாம்டீன்னு தொண்டை கிழியக் கத்தினேன். "துணி வெட்டறது உங்க வேலை, அதைப் பாருங்க"ன்னா.

தியேட்டருக்கு வெளிய நானும் மச்சினியும் உக்காந்திருந்தோம். மச்சினிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "உங்களைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு எங்க அக்கா வயித்தைக் கிழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா"ன்னு காலையிலேர்ந்து ஒரே பாட்டு. அவ சொன்னதுல பொய் எதுவும் இல்லையே!

கதவு திறந்துச்சு. ஒரு நர்ஸ் வேகமா வெளிய வந்து அதே வேகத்துல உள்ள ஓடினாங்க. என்னம்மான்னு கேட்டா, "ஒண்ணுமில்ல சார், ஒரு குழாய் விஷயம்"னாங்க. எந்தக் குழாய்? கொஞ்ச நேரத்துல ஸ்ட்ரெச்சர் தள்றவர் வந்து, "முடிஞ்சுது, இப்ப கொண்டாந்துடுவாங்க"ன்னார். சுவத்துல இருந்த டிவியில, அவ பேருக்கு நேரா 'நடக்கிறது'ன்னே ஓடிட்டு இருந்துச்சு. யாரை நம்பறது? எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல.

அப்புறம் சர்ஜனே வெளிய வந்தாங்க. மாஸ்க்கைக் கழட்டினதும் முகத்தைப் பார்த்தேன். பாதி உசிரு அங்கேயே போயிடுச்சு.

"பயப்படாதீங்க, நல்லா இருக்காங்க. ஆனா ஒண்ணு ஆயிடுச்சு. ரொம்ப அபூர்வமா நடக்குறது."

வயித்துக்குள்ள இருக்கிற காத்தையும் தண்ணியையும் உறிஞ்ச, வாய் வழியா ஒரு மெல்லிசான குழாய் விடுவாங்களாம். வெட்டறதுக்கு முன்னாடி அதை உருவிடணும். அதுக்கப்புறம் வயித்துல எவ்வளவு விட்டு வெட்டணும்னு அளவு காட்ட ஒரு தடிமனான குழாய் விடுவாங்களாம். மெல்லிசான குழாயை விட்ட மயக்க மருந்து டாக்டரை நடுவுல வேற தியேட்டருக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவருக்குப் பதிலா வந்தவருக்குத் தடிமனான குழாய் மட்டும்தான் தெரியும். வெட்டறதுக்கு முன்னாடி சர்ஜன், "குழாய் சரியா இருக்கா?"ன்னு கேட்டிருக்காங்க. தடிமனான குழாய் இருக்கிற இடத்தைப் பார்த்துட்டு அவர் "சரியா இருக்கு"ன்னுட்டார். மெல்லிசான குழாய் உள்ளயே கிடந்திருக்கு.

"வெட்டற கருவியே தையலும் போட்டுடும். முதல் வெட்டுலயே அந்தக் குழாயும் சேர்ந்து மாட்டிக்கிச்சு."

அதுவரைக்கும் புரியாத எனக்கு இது மட்டும் பளிச்சுன்னு புரிஞ்சுது. எங்க கடையில ஓவர்லாக் மெஷின் அதைத்தான் செய்யும். வெட்டிக்கிட்டே தைக்கும். அடியில உள்துணி மடிஞ்சு மாட்டிக்கிட்டா, பிரிச்சாலும் பழைய ஓரம் திரும்ப வராது.

"குழாயை முழுசா எடுத்துட்டோம். இப்போ ரெண்டு வழி இருக்கு. வெட்டுப்பட்ட இடத்தைத் தைச்சுட்டு இதோட நிறுத்தலாம். இல்லைன்னா மேல போய் முடிக்கலாம். முடிச்சா அந்த இடத்துல கசியற ஆபத்து வழக்கத்தைவிட அதிகம். முடிக்க முடியும்னுதான் நினைக்கிறேன். அவங்களைக் கேக்க முடியாது. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"நிறுத்துங்க"ன்னு வாயெடுத்தேன். மச்சினி என் சட்டையைப் பிடிச்சுட்டா.

"முடிக்கச் சொல்லுங்க மாமா!"

எனக்குக் காதுல விழுந்ததை நம்ப முடியல. என்னைக் கரிச்சுக் கொட்டினவளா இது?

"என்ன ஆனாலும் மாமாவை நிறுத்த விட்டுடாதேன்னு அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. நிறுத்தினா என் முகத்துல முழிக்க மாட்டா."

"கசிஞ்சா அவளுக்கு முழிக்கறதுக்குக் கண்ணே இருக்காதுடீ!"

வராண்டாவுல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. உள்ள இருக்கறது என் பொண்டாட்டி, அவ படுத்திருக்கறது என் உசிருக்காக. முடிங்கன்னா நான் கொலைகாரனா? நிறுத்துங்கன்னா அவ ஆசையை மிதிச்சவனா? எது அவளுக்காக, எது எனக்காகன்னு பிரிக்கவே தெரியல. கடைசியில, "நிறுத்திடுங்க டாக்டர்"னேன். மச்சினி சுவத்துல சாஞ்சு அழ ஆரம்பிச்சுட்டா.

மறுநாள் வார்டுல என் பொண்டாட்டி நல்லாவே தெளிஞ்சு உக்காந்திருந்தா. "ஆயிடுச்சா?"ன்னா. சொன்னேன். அவ கண்ணுல தண்ணி வரல. வந்திருந்தா தேவலை.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"உனக்கு ஏதாவது ஆயிடும்னு..."

"எனக்கு ஆகறதை நான் பார்த்துக்கறேன். உங்களுக்கு ஆகறதை யாரு பார்ப்பா?"

அவ உசிரோட உக்காந்து என்னைத் திட்டறா. அது போதும்னு இருந்துச்சு. நெஞ்சு அப்பதான் லேசாச்சு.

அந்த நேரம் பார்த்து சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தாங்க. நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்டாங்க. அவ அதைக் காதுலயே வாங்கல. "திரும்ப எப்ப பண்ணலாம்?"னா.

"நல்லா ஆறணும். சில மாசம் போகட்டும். ஆனா ரெண்டாவது தடவை ஆபத்து கொஞ்சம் கூடும்." சர்ஜன் என் பக்கம் திரும்பினாங்க. "நீங்க என்ன சொல்றீங்க?"

மச்சினியும் என்னையே பார்த்தா. நேத்து அவ்வளவு கத்தினவன், இப்ப வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன்.

எனக்கும் உசிரோட இருக்கணும்னு இருந்துச்சு. ஒண்ணும் சொல்லாம அவ தலகாணியைச் சரி பண்ணினேன்.