உள்தாழ்ப்பாள்

“ஒண்ணுமே நடக்காத மாதிரி பண்ணிக் குடுக்கா,” என்றான் தம்பி.

எனக்குச் சுள்ளென்று வந்தது. சாப்பாட்டு மேஜையின் மேல் பொம்மை வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடது சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். மாடிப்படி துண்டு துண்டாகியிருந்தது. கூரையில் பாதி தனியாக ஒரு செருப்புப் பெட்டிக்குள் இருந்தது. பொம்மை வீடு கட்டி விற்பதுதான் என் பிழைப்பு. இதுவும் நான் கட்டியதுதான், தம்பி மகளின் பிறந்தநாளுக்கு. மூன்று மாதத்துக்கு முன்னால் புருஷன் பெண்டாட்டி சண்டையில் இவன் விட்ட உதையில் அது எதிர்ச் சுவரில் போய் மோதியது. அன்றைக்கே அவன் பெண்டாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மனுஷர்கள் மேல் கை வைத்ததில்லை, அதைப் பெரிய சாதனை போல அவனே சொல்லிக்கொள்வான். முதலில் டிவி ரிமோட் பறந்தது. பிறகு தட்டு, பிறகு நாற்காலி, கடைசியில் பொம்மை வீடு. அடுத்தது என்ன என்று யோசிக்க அவன் பெண்டாட்டிக்குத் தெரியாதா என்ன?

மறுநாள் நாலு மணிக்கு மகளை அழைத்து வருவதாக அவள் சொல்லியிருந்தாள். மகளுக்கு இஷ்டமிருந்தால் ராத்திரி அப்பாவோடு தங்கலாம். “நான் இருன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். அவளே சொல்லட்டும்,” என்று போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். எட்டு வயதுக்காரியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சுண்டெலி. வீட்டில் எந்த மூலையில், எந்த இடுக்கில் இருக்கிறாள் என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அது விளையாட்டு என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

“கீழ விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம். இல்லன்னா ஒண்ணுமே சொல்ல வேணாம். பாத்தா தெரியாதபடி நீ பண்ணிடுவல்ல?”

“பூசி மெழுகத்தான் என்னைக் கூப்பிட்டியா?”

“எனக்காக வேணாம். சுண்டெலிக்காகக்கா.”

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். பெட்டியைத் திறந்தேன்.

என் பெட்டியைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. பல் குத்தும் குச்சி, துணி காயப்போடும் கிளிப், ரப்பர் பேண்டு, சப்பிப் போட்ட ஐஸ் குச்சி. இதையெல்லாம் வைத்தா வீடு கட்டுகிறாய் என்பார்கள். ஆமாம், இதையெல்லாம் வைத்துத்தான். பசையைப் புட்டியிலிருந்து நேராக ஊற்றினால் வழிந்து நாசமாகும், பல்குச்சி முனையில் தொட்டு வைத்தால் விரிசலுக்குள் தானாக இறங்கும். ஒட்டிய சுவரை விரலால் எவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருக்க முடியும்? கிளிப்புக்குக் கை வலிக்காது. மற்றபடி பல் பொடியாக உள்ள சின்ன ரம்பம், மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டம், பேனா மாதிரி பிடிக்கிற கத்தி, இடுக்கி, உப்புத்தாள். எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளைப் பசை. அது இறுகுவதற்கு ஒரு ராத்திரி வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது.

அன்று முழுவதும் ஒட்டினேன். சுவர் முழுக்கக் கிளிப்பும் ரப்பர் பேண்டுமாக நிற்க வைத்துவிட்டு, “நாளைக்கு நான் வர்ற வரைக்கும் தொடாத. பக்கத்துல வந்து மூச்சுகூட விடாத,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை சுவர் கல்லாக நின்றது. விரிசலில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், மேலே அதே பூப்போட்ட தாளை ஒட்டினேன். மாடிப்படிக்குப் புதுப் படிகள் அறுத்து வைத்தேன். கூரையையும் ஏற்றியாகிவிட்டது. மீதி இருந்தது கூரைக்குச் சாயமும் ஜன்னல்களும்தான். ஜன்னலுக்குக் கண்ணாடி என்று சொன்னாலும் அது மறுபக்கம் தெரிகிற பிளாஸ்டிக் தாள். உடைந்து போனதற்குப் பதில் புதிதாக வெட்டி, ஆட்டம் கண்ட பழையதையும் கழற்றி, மேஜையில் வரிசையாக வைத்திருந்தேன். சாயப் புட்டியைத் திறந்தால் உள்ளே கட்டியாகக் காய்ந்து கிடந்தது. வாங்கி வரக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஜன்னல் எல்லாத்தையும் நானே ஒட்டிட்டேன்! உன் பசை ஆமை வேகம்க்கா. வீட்ல உடனே ஒட்டுற பசை இருந்துச்சு. பட்டுனு ஒட்டிக்கிச்சு. தூசி படக் கூடாதுன்னு முன்பக்கத்தைச் சாத்தியும் வெச்சுட்டேன்.”

பொம்மை வீட்டின் முன்சுவர் முழுசும் ஒரு பெரிய கதவு மாதிரி திறக்கும். ஓடிப்போய்த் திறந்தேன். அத்தனை ஜன்னலும் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தன. அந்தப் பசை காயும்போது ஆவி விடும். திறந்து வைத்தாலாவது பாதி வெளியே போகும். மூடிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் பளபளப்பான எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படியும். துடைத்தாலும் போகாது.

“மூச்சு விடாதன்னு சொன்னேன்ல! அறிவிருக்காடா உனக்கு?” பசை டியூபை அவன் கையிலிருந்து பிடுங்கி, அடுப்படிக் குப்பைத்தொட்டியைப் பார்த்து விட்டெறிந்தேன். அது சுவரில் மோதி உள்ளே விழுந்தது.

“உதவி பண்ணா அதுவும் குத்தமா? எது பண்ணாலும் குத்தமா இந்த வீட்ல?”

அவன் கை மேஜைக்கு மேலே தூக்கியபடி நின்றது. முஷ்டி. கீழே பொம்மை வீடு. என் கூடப் பிறந்தவன், நான் தூக்கி வளர்த்தவன், அவனைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் டியூபை விட்டெறிந்தவள் நான் என்பதும் நினைவுக்கு வந்தது. பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

அவன் தன் முஷ்டியைத் தானே பார்த்தான். மெதுவாக இறக்கி பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

“இப்ப என்னக்கா பண்றது?”

“புதுசா வெட்டணும். நீ ஜன்னலைக் கழட்டு. கத்தி முனையை உள்ள விட்டு நெம்பு. மெதுவா.”

இரண்டு பேரும் வேலையில் இறங்கினோம். அவன் கழற்றக் கழற்ற நான் அளந்து வெட்டி, மூலையில் மட்டும் வெள்ளைப் பசை தொட்டு வைத்து, காகித டேப்பால் பிடித்துக் கட்டினேன். கடைசியாக மாடிப் படுக்கையறை ஜன்னல் இருந்தது. அது உடையாத பழைய ஜன்னல். கத்தியோடு போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

“அக்கா, இது என்ன?”

குனிந்து பார்த்தேன். விரல் ரேகைகள். அந்தப் பசையின் ஆவி, விரல் பட்ட இடத்தில் இன்னும் அழுத்தமாகப் படியும். கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததெல்லாம் வெள்ளை வெள்ளையாக எழும்பி வந்திருந்தது. எல்லாம் சின்னச் சின்ன விரல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, உள்பக்கம் முழுக்க. கழற்றிப் போட்ட மற்றப் பழைய ஜன்னல்களை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றிரண்டு தீற்றல் இருந்தது, அவ்வளவுதான். கூடம், அடுப்படி, தோட்டத்து வாசல் என்று அவ்வளவு பெரிய வீட்டில் குழந்தை விளையாடியது இந்த ஒரே ஒரு அறையில்தான்.

“இதை மாத்த வேணாம். இப்படியே இருக்கட்டும்,” என்றான்.

நாலு மணிக்கு முன்னாலேயே அழைப்பு மணி அடித்தது. டேப்பை உரித்துவிட்டிருந்தேன், கூரைச் சாயம் இன்னும் ஈரம். தம்பி பெண்டாட்டி, “வாங்கண்ணி,” என்றாள், என்னவோ நான்தான் விருந்தாளி என்பது போல. தோள்பையைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். சுண்டெலி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மூன்று மாதத்தில் ஒரு பிடி வளர்ந்திருந்தாள்.

“பாரு குட்டி, உன் வீடு!” என்றான் தம்பி. “எப்படி இருக்கு? புதுசு மாதிரி இல்ல?”

அவள் மெதுவாக மேஜைக்கு வந்தாள். கூரையைப் பார்க்கவில்லை, புதுப் படிகளைப் பார்க்கவில்லை. இடது சுவரில் ஒட்டிய பூத்தாளின் மேல் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“இங்கதான உடைஞ்சுது?”

தம்பி என்னைப் பார்த்தான். கீழே விழுந்துவிட்டது என்று சொல்ல இதுதான் சமயம். சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று எனக்குப் பதறியது.

“ஆமாம்மா. அங்கதான். அப்பாதான் உதைச்சேன்.”

“தெரியும். நான் பாத்துட்டுதான் இருந்தேன்.”

“எங்கேர்ந்து?”

“பீரோவுக்குப் பின்னாடி.”

அவள் அம்மாவுக்கே அது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. சுண்டெலி அதற்குமேல் அதைப் பேசவில்லை. முன்சுவரைத் திறந்து, கூடத்தில் நான் அழகாக உட்கார வைத்திருந்த பெண் பொம்மையை எடுத்தாள். மாடிப் படுக்கையறையில் கொண்டுபோய் வைத்தாள். மங்கிப்போன ஜன்னலைப் பார்த்து, “இது நல்லாருக்கே. வெளியேர்ந்து பாத்தா உள்ள யார் இருக்காங்கன்னே தெரியாது,” என்றாள். பிறகு அறைக் கதவைச் சாத்தினாள். அது தானாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினாள்.

“அத்தை, இதுக்குத் தாழ்ப்பாள் இல்லையா? உள்பக்கமா?”

பொம்மை வீட்டுக்கு உள்தாழ்ப்பாள் யாரும் வைப்பதில்லை. உள்ளே இருந்து போட யார் இருக்கிறார்கள்? கைப்பிடி வைப்போம், கீல் வைப்போம், முன்சுவர் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க வெளியே ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வைப்போம். இத்தனை வருஷத்தில் எனக்கும் தோன்றியதில்லை.

“வெக்கலாமே,” என்றேன். பெட்டியிலிருந்து நகத்தளவு தாழ்ப்பாள் ஒன்றை எடுத்தேன்.

“நான் வெக்கிறேன்க்கா,” என்றான் தம்பி.

எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றியது. மெல்லிய கதவு, ஆணி அடித்தால் பிளந்துவிடும். வெள்ளைப் பசை காய நேரமில்லை. அடுப்படிக்குப் போய்க் குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டு, நானே எறிந்த டியூபைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொண்டு வந்தேன். பல்குச்சி முனையில் ஒரு துளி தொட்டுக் கொடுத்தேன்.

அவன் இடுக்கியால் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் கையை விட்டான். தடித்த விரல்கள். தாழ்ப்பாள் இடுக்கியிலிருந்து நழுவி, அவன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. உதறினான், வரவில்லை. இழுத்தான். தோலோடு பிய்ந்து, வளைந்து, தரையில் எங்கோ போய் விழுந்தது.

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. எங்கள் மூன்று பேருக்கும் அந்த நரம்பு தெரியும். தம்பி பெண்டாட்டி எழுந்துவிட்டாள், அவள் கை மகளின் தோளுக்குப் போய்விட்டது. சுண்டெலி பீரோ இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

அவன் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“அக்கா, இன்னொண்ணு இருக்கா?”

இருந்தது. இந்தத் தடவை இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு வைத்தான். வைத்து, அழுத்தி, விட்டான். ஒட்டிக்கொண்டது. இன்னொரு துளியில், தாழ்ப்பாள் போய் நுழைகிற நிலைப்பக்க வளையத்தையும் வைத்தான். முன்சுவரைச் சாத்தக் கூடாது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே குனிந்து வாயால் ஊதி ஊதி ஆவியை வெளியே அனுப்பினான்.

இறுகிய பிறகு சுண்டெலி பல்குச்சியால் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டுப் பார்த்தாள்.

“இப்ப அந்தப் பக்கத்துலேர்ந்து தள்ளுங்கப்பா.”

அவன் மாடி நடைக்குள் ஒரு விரலை விட்டுக் கதவைத் தொட்டான்.

“அப்படி இல்ல. கோபம் வந்தா தள்ளுவீங்கள்ல, அந்த மாதிரி.”

அவன் கண் நிறைந்துவிட்டது. விரலை வைத்துத் தள்ளினான். கதவு அசையவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினான். கதவு நின்றது.

“சரி,” என்றாள் சுண்டெலி. குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள், பொம்மை வெளியே தெரிகிறதா என்று. பிறகு நிமிர்ந்து, “என் ரூமுக்கு?” என்றாள்.

அவள் அறைக்கு வெளியே மட்டும்தான் தாழ்ப்பாள் இருந்தது. தம்பி எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தான். தன் படுக்கையறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினான். அதே திருகாணிகளை வாயில் வைத்துக்கொண்டு மகளின் அறைக்குள் போய், அவளுக்குக் கை எட்டுகிற உயரத்தில் வைத்து முடுக்கினான். வெளியே வந்து ஒதுங்கி நின்றான்.

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

நாங்கள் மூன்று பேரும் நின்றோம். தம்பி கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்துவிட்டு எதிர்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டான். அவன் பெண்டாட்டி ஒரு தடவை மணியைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. நான் சிந்திக் கிடந்த பல்குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. கதவு கொஞ்சமாகத் திறந்து சுண்டெலியின் தலை மட்டும் வெளியே வந்தது.

“அம்மா, என் டூத் பிரஷ் எடுத்துட்டு வந்தியா?”