பாத அளவு

காலை ஆறரைக்கே பசை நெடி மூக்கை எரித்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் விஜயகுமாரி தோலின் விளிம்பில் பசை தடவி, மடித்து, சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கு எண்பது ஜோடி, நிமிர நேரமில்லை. அன்று மட்டும் கை பின்தங்கியது. முந்தின சாயங்காலம் எவனோ போன் செய்து, மூன்று வயது மகள் சங்கீதாவின் பெயரைச் சொல்லி, அவள் இடது பாதம் உள்பக்கம் சாய்கிறது, தங்களுடைய ஸ்பெஷல் ஷூ வாங்காவிட்டால் பிற்பாடு நொண்டுவாள் என்று பயமுறுத்தியிருந்தான்.

டீ நேரத்தில் பக்கத்து மேசை பில்கிஸிடம் சொன்னாள். அவள் மகன் ஷாஹித்தைப் பற்றியும் அதே போன். விசாரித்ததில், கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் விடப்படும் பத்தொன்பது பிள்ளைகளின் வீட்டுக்கும் வந்திருந்தது. போன மாதம் மெடிக்கல் செக்கப் என்று வந்தவர்கள் பிள்ளைகளை மெஷின்மேல் நடக்கவிட்டுப் பாதங்களைப் படமெடுத்தார்களாம். பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் ஆபீஸே கொடுத்ததாம்.

மதியம் மேனேஜர் சத்தியநாதன் பத்தொன்பது தாய்மாரையும் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒப்புதல் படிவங்கள். தேதி போன மாதத்தது.

"கையெழுத்து போட்டுட்டு லைனுக்குப் போங்க."

"படம் எடுக்கறப்போ கேக்கலையே சார். இப்போ இன்னாத்துக்கு?" என்றாள் விஜயகுமாரி.

"சட்டம்மா. சின்னப் பசங்க விவரம்னா பெத்தவங்க சம்மதம் வேணும். வெள்ளிக்கிழமை நம்ம ஷூவ வாங்கற பையர் கம்பெனி ஆளுங்க வந்து பேப்பர் பாப்பாங்க."

"அப்போ நாங்க சம்மதிக்கல, சார்."

"போடாதவங்க பிள்ளைக்கு நாளைலருந்து காப்பகம் கிடையாது."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. பில்கிஸுக்கு வீட்டில் பிள்ளையைப் பார்க்க நாதியில்லை. அவள் விரல்கள் பேனாவைத் தொட்டுவிட்டன. வேலை போனால் விஜயகுமாரிக்கும் அடுத்த வேளை கேள்விதான்.

"பில்கிஸ், போடாத. ஷாஹித்த நாங்க மாத்தி மாத்திப் பாத்துக்கறோம்."

பில்கிஸ் பேனாவை வைத்தாள். யாரும் போடவில்லை.

மறுநாள் காப்பகம் பூட்டியிருந்தது. கேட் முன்னால் பத்தொன்பது பெண்களும் இடுப்பில் பிள்ளைகளோடு நின்றார்கள். எங்களைக் கேட்காமல் எடுத்த படங்களை அழி, யாருக்குக் கொடுத்தாய் சொல், காப்பகத்தைத் திற என்று எழுதிய மனுவை செக்யூரிட்டி வாங்க மறுத்தார். ஷிப்ட் சங்கு ஊதியது. விஜயகுமாரி அசையவில்லை.

உள்ளே போகவிருந்த கட்டிங் பகுதி ஆண்கள் தயங்கினார்கள். அவர்களில் கோபி அவளிடம் வந்தான்.

"எங்க பசங்க பேரும் ஆபீஸ் ஃபைல்லதான் இருக்கு, அக்கா. மனுவையும் பேனாவையும் குடுங்க."

அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டது. சங்கு மறுபடி ஊதியது. கேட்டுக்குள் யாரும் போகவில்லை.