வாய்க்காலில் நிறுத்திய குதிரை

என் அக்கா புருஷன் வெற்றிச்செல்வனிடம் பவளத்தைக் கொடுத்தேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும். கத்தாரிலிருந்து வந்த மனுஷருக்குப் பட்டுக்கோட்டைத் தோப்பில் பொழுது போகவில்லை. "நெடுந்தூரக் குதிரை ஓட்டப் போட்டியில நானும் ஒரு தடவ ஓட்டிப் பாக்குறேன் வானதி" என்று நச்சரித்தார். அக்கா முகத்துக்காகச் சம்மதித்தேன். பவளம் நான் வளர்த்த பெண் குதிரை. டிசம்பரில் மாநில அணித் தேர்வில் அவளை ஓட்டப்போவது நான். மூன்று வருஷமாக அதற்காகத்தான் உயிரை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு புது ஆள் கண்மண் தெரியாமல் விரட்டி, ஆற்றங்கரையிலேயே ஒரு குதிரையைச் சாகடித்தான். அதற்குப் பிறகு விதிகளைக் கடுமையாக்கிவிட்டார்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் குறித்த வேகத்தைத் தாண்டக்கூடாது. சீக்கிரம் வந்து சேர்ந்தாலே அவுட். ஏமாற்றிப் பிடிபட்டால் ஆளுக்கும் தடை, குதிரைக்கும் ஒரு வருஷம் தடை. கண்டவன் கையில் குதிரையைக் கொடுக்காதே என்று சொந்தக்காரர்களுக்கு வைத்த ஆப்பு அது.

முதல் சுற்றை முடித்துக்கொண்டு, சரியான நேரத்துக்கு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்து சேர்ந்தார் மாமா. போட்டிக்கு வந்திருந்த கால்நடை டாக்டர் ஹரிஷ், பவளத்தின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். துடிப்பு நிதானமாக இருந்தது. கொஞ்ச தூரம் ஓடவிட்டும் பார்த்தார்.

"பாஸ். ஓய்வு முடிஞ்சதும் ரெண்டாவது சுத்துக்குக் கிளம்பலாம்."

நிழலில் கட்டிச் சேணத்தை அவிழ்த்தேன். வயிற்று வாரில் வாய்க்கால் பாசி சுற்றியிருந்தது.

"என்ன மாமா இது?"

அவர் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "கொஞ்சம் பறக்க விட்டேன். என்னமா ஓடுறா! அப்புறம் பாத்தா நேரம் மிச்சம் கெடக்கு. ஏர் அவுத்த மாட்ட விடுற மாதிரி வாய்க்கால்ல எறக்கி நிறுத்திட்டேன். அரை மணி நேரம் சொகமா நின்னா."

உழுத மாட்டை நேரே வாய்க்காலில் இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் பாய்ந்து ஓடிய குதிரையை மெல்ல நடத்தித்தான் ஆற வைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் கொஞ்ச நேரம் கழித்துச் சதை இறுகிப்போகும். இதை அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

பவளத்தின் பின்தொடையை அழுத்தினேன். கட்டையாக இருந்தது. வலியில் காதுகளை மடக்கினாள்.

"இவ இனிமே போகமாட்டா மாமா."

"டாக்டரே பாஸ் போட்டாச்சு. நீ வாயத் தொறந்தா எனக்கு மட்டுமா தடை? டிசம்பர் ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. அதனால்தான் டாக்டரை உடனே கூப்பிடவில்லை. அதற்குள் இரண்டாவது சுற்றுக்கு அழைத்துவிட்டார்கள். மாமா அவசரமாகச் சேணத்தைப் பூட்டி, மிதியில் கால் வைத்தார். நான் கடிவாளத்தைப் பிடுங்கினேன்.

"டாக்டர்! இவள இன்னொரு தடவ பாருங்க!"

டாக்டர் வந்து பவளத்தை முன்னால் இழுத்தார். பின்கால்கள் தரையை விட்டு எழவில்லை. உடம்பு நடுங்கியது. முக்கி முக்கி மூத்திரம் பெய்தாள். அது கடுங்காப்பி நிறத்தில் விழுந்தது. மாமாவின் சிரிப்பு அப்படியே செத்தது.

"ஒரு அடிகூட நடத்தாதீங்க. சதை செதைஞ்சு ரத்தத்துல கலக்குது, கிட்னி போயிடும்" என்றார் டாக்டர். அங்கேயே ஊசியைக் குத்தி டிரிப்ஸ் ஏற்றினார். பாட்டிலை மாமா கையில் திணித்தார். "வழியில என்ன நடந்துச்சு? தெரிஞ்சாத்தான் மருந்த முடிவு பண்ண முடியும்."

"ஒண்ணும் நடக்கலையே டாக்டர். வெயில்தான்..." என்றார் மாமா. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல்தான் இருந்தது.

நானும் வெயில் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஆசையாகவும் இருந்தது, பொய் எதற்கு? பவளத்தின் மூக்கு என் தோளில் கனத்தது.

"பாய விட்டுட்டு, அரை மணி நேரம் வாய்க்கால்ல நிறுத்தியிருக்காரு டாக்டர்."

டாக்டர் வேறொரு மருந்தை எடுத்தபடியே கேட்டார். "இத நான் மேல சொல்லியாகணும். உன் குதிரைக்கும் சேத்துத்தான் தடை வரும். தெரியும்ல?"

"தெரியும். சொல்லுங்க."

மாமாவின் கை தளர்ந்து இறங்கியது. "வானதி, உன் டிசம்பர்..."

"பாட்டிலத் தூக்கிப் புடிங்க மாமா" என்றேன். "மருந்து எறங்கல."