தம்பியின் போல்ட்

...இல்லை, துணி இன்னும் கறுப்பாகத்தான் வருகிறது, இது எட்டாவது துண்டு, கொதிநீர் ஊற்றிக் கழுவியும் இந்தக் குழலுக்குள் எங்கிருந்துதான் இவ்வளவு அழுக்கோ, ராணுவக் கிடங்கில் கிரீஸ் பூசிக்கொண்டு நாற்பது வருஷம் சொகுசாகத் தூங்கிய துப்பாக்கி, என்னிடம் வந்த பிறகுதான் அதற்கு வயதாகிறது... அடுப்படியில் கெண்டை மீன் பொரிகிற வாசனை, கூடவே என் மனைவி தெசாங்காவின் குரல். "புனித நிக்கொலா நாளும் அதுவுமா துப்பாக்கியைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கீங்களே, எண்ணெய்க் கையாலயா ரொட்டி வெட்டப் போறீங்க?" வெட்டினால் என்ன, எண்ணெய் வாசம் இந்த வீட்டு ரொட்டிக்குப் புதிதா? அவள் ஒரு தட்டு கூடுதலாக வைத்திருப்பதைப் பார்த்தேன், யாருக்கென்று கேட்கவில்லை, ஏழு வருஷமாக வைக்கிறாள், ஏழு வருஷமாக நானும் கேட்டதில்லை.

போல்ட்டை, தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற அந்த இரும்புத் தண்டை, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன், அதில் 417, என் துப்பாக்கியில் 392, ஆக இது ஓப்ராதுடையது, என் தம்பியுடையது. ஒரே நாளில் இரண்டு துப்பாக்கி வாங்கி வந்து, கிரீஸைக் கரைக்க வேறு பாத்திரம் கிடைக்காமல், பிளம் சாராயம் காய்ச்சும் செப்பு அண்டாவிலேயே எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்க வைத்த மேதாவிகள் நாங்கள், அந்த வருஷச் சாராயம் முழுக்கத் துப்பாக்கி வாடை, குடித்தால் குறி தப்பாது என்று ஊரே சிரித்தது, நாங்களும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு போல்ட்டை எடுத்து மாட்டினோம், எண்ணை யார் பார்த்தது? மறுவாரம் தெரிந்தபோது, "ரெண்டும் சுடுதில்ல, விடுண்ணே, என்னுது உன்கிட்ட இருந்தா என்ன" என்றான். இப்போது காவல் நிலையத்தில் மீசை முளைக்காத ஒருத்தன் சொல்கிறான், "துப்பாக்கி நம்பரும் போல்ட் நம்பரும் ஒண்ணா இருக்கணும் மாமா, புது வருஷத்துக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா ஒப்படைச்சிருங்க." இன்னும் பன்னிரண்டு நாள். ஆற்றுக்கு அக்கரையில், அரை மணி நேர நடையில், ஓப்ராத் வீட்டில் இருக்கிறது என் போல்ட். "ஒரு போன் பண்ணா கிரீடம் இறங்கிடுமா?" என்கிறாள் தெசாங்கா. "ஸ்லாவாவுக்கு யாராச்சும் அழைப்பாங்களாடி? வர்றவன் தானா வருவான்." குடும்பப் புனிதரின் திருநாளுக்கு வழக்கம் அதுதான், ஆனால் அதன் பின்னால் நான் ஒளிந்துகொள்வது அவளுக்குத் தெரியாதா என்ன.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வேட்டைக்குப் போன அன்றைக்குப் பனிமூட்டம், புதருக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது, பன்றி என்று ஓப்ராத் சுட்டான், விழுந்தது என் காரோவ், நான் குட்டியிலிருந்து வளர்த்த நாய். வேட்டைக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் வேண்டுமென்றே சுட்டாயா என்று கேட்டேன், ஆமாம், நான்தான் கேட்டேன், அவன், "உன் போல்ட்தானே அண்ணே சுட்டுச்சு" என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்தேன். கேலியா அது? சொல்லிவிட்டு அவன் மண்டியிட்டு நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டானே, அதை ஏன் இத்தனை வருஷம் நான் நினைத்துப் பார்க்கவில்லை, மனசு அடிபட்டவன் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான்... வாடா, ஒரு தடவை வந்து தொலையேன்டா, எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

சுருள்வில்லில் ஒரு சொட்டு எண்ணெய், போதும், அதிகமானால் குளிரில் இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் குழலை ஏனோதானோவென்று முடித்துவிட்டு இதை மட்டும் பளபளவென்று துடைத்திருக்கிறேன், 417, துரு அண்டவில்லை, அவன் என்னுடையதைத் துடைக்கிறானா? அவனுக்கும் அதே கெடுதானே, அவனும் மேசையில் அதை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா...

வாசல் கதவு கிறீச்சிட்டது. நாய் இல்லாத வீடு, குரைக்க ஆளில்லை. படியில் காலணிப் பனியைத் தட்டும் சத்தம், வலது கால் இரண்டு தடவை, இடது கால் ஒரு தடவை, அப்படித் தட்டுகிறவன் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். தெசாங்கா அகப்பையைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். மாற்றிக்கொள்ளத்தான் வந்திருப்பான், பையில் கொண்டு வந்திருப்பான், ஒரு நிமிஷ வேலை, அவனுடையது அவனுக்கு, என்னுடையது எனக்கு, அதன் பிறகு? அதன் பிறகு இந்த வீட்டில் அவனுடையது என்று என்ன இருக்கும், எதைச் சாக்காக வைத்து மறுபடி வருவான்? என் கை போல்ட்டை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டதை அப்புறம்தான் கவனித்தேன்.