பூச்சிக்காளைக்கு ஒரு பரிசோதனை

நவநீதகிருஷ்ணனின் காளைக்கு ராசிபுரம் பக்கத்தில் நல்ல பேர் இருந்தது. பசுக்களைச் சினைக்குச் சேர்க்கிற காளையை அங்கே பூச்சிக்காளை என்பார்கள். ஆறு வருசமாகச் சுற்றுவட்டாரத்துப் பசுக்களெல்லாம் அவன் தோட்டத்துக்குத்தான் வந்துபோயின.

போன வைகாசிக்குப் பிறகு, வந்த பசுக்களே திரும்ப வந்தன. மூன்று வாரம் கழித்து ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. சின்னண்ணன் என்கிற பெரியவர் தன் மயிலைப் பசுவை நாலாவது தடவையாகப் பிடித்துக்கொண்டு வந்தபோது காளை சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. அவர் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தார். "காளைக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பசுவை ஓட்டிக்கொண்டு போனார்.

அவர் கேட்டது நவநீதகிருஷ்ணனுக்குத் தன்னையே கேட்டதுபோல இருந்தது. அவனுக்கும் சௌந்திரத்துக்கும் கல்யாணமாகி ஒன்பது வருசம். குழந்தை இல்லை. சௌந்திரம் ஈரோட்டிலும் சேலத்திலும் பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை. ஸ்கேன், ஊசி, மாத்திரை என்று ஒன்றும் பாக்கியில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெளியே டீக்கடையில் நிற்பான். வீட்டுக்காரரையும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர்கள் எழுதிக்கொடுத்த சீட்டு மூன்று இருந்தது. மூன்று தடவையும் அவனுக்குத் தோட்டத்தில் வேலை இருந்தது.

காளையை அப்படி விட முடியாது. அடுத்த நாள் காலையிலேயே மினி டெம்போ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான்.

டாக்டர் பிரவீனா சின்ன வயசுக்காரி. காளையைத் தடவிப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், விந்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பிறகு அவனையும் குனிந்து பார்க்கச் சொன்னாள். பத்தில் இரண்டுதான் நீந்தின. மற்றவை ஒரே இடத்தில் துடித்துக்கொண்டோ சும்மாவோ கிடந்தன. சிலதுக்குத் தலை கோணலாக இருந்தது. காளையின் விதையும் இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை என்றாள்.

ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் தொற்றுநோய் எதுவுமில்லை என்று தெரிந்ததும் கூப்பிட்டு, காளை என்ன தின்கிறது என்று கேட்டாள். கத்தரிக்காட்டு வரப்புப் புல் என்றான். கத்தரிக்கு என்ன மருந்து, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேட்டாள். நாலு மருந்தின் பேரைச் சொன்னான். வாரம் ஒரு தடவை, காய்ப்பு நேரத்தில் இரண்டு. மருந்தடிக்கிற டேங்கை எங்கே கழுவுவீர்கள் என்றாள். காளை தண்ணீர் குடிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில். சில நாள் தொட்டிக்குள்ளேயே.

அந்த மருந்துகளில் சிலது உடம்புக்குள் போனால் ஹார்மோன் மாதிரியே நடிக்கும், சிலது இருக்கிற ஹார்மோனைத் தடுத்துவிடும், விதைக்கு எதை நம்புவது என்று தெரியாமல் போய்விடும் என்று அவள் விளக்கினாள். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மற்றதெல்லாம் இல்லையென்று ஆனதால் சந்தேகப்படுகிறாள், அவ்வளவுதான். புல்லையும் தண்ணீரையும் மாற்றி நாலு மாசம் கழித்துக் கொண்டுவரச் சொன்னாள். காளையை அதுவரைக்கும் சேர்க்கக் கூடாது.

எழுதிக்கொண்டே கேட்டாள், "மருந்து அடிக்கிறது யாருங்க?"

"நானுங்க."

"எத்தன வருசமா?"

"பன்னண்டு வருசமாங்க."

"மூஞ்சிக்கு, கைக்கு ஏதாவது போட்டுக்குவீங்களா?"

"தலைக்குத் துண்டு கட்டுவனுங்க. வெயிலுக்கு."

பிரவீனா பேனாவை நிறுத்தினாள். "நான் மாட்டு டாக்டருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அவன் சௌந்திரத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் கடைசியாகச் சொன்னதையும் சொன்னான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காளையக் கொண்டுபோறதுக்கு நீங்க ஒரு நாளுங்கூட ரோசிக்கலீங்க" என்றாள்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான், அழவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"திங்கக்கெழம போலாம்" என்றான்.

திங்கட்கிழமை சேலத்தில் டெஸ்ட் எடுத்தார்கள். இந்தத் தடவை சௌந்திரம் வெளியே டீக்கடையில் நின்றாள். காளைக்கு வந்த முடிவுக்கும் அவனுக்கு வந்ததுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மருந்தடிக்கிறதை விட்டுவிட்டு மாத்திரை சாப்பிடுங்கள், பார்க்கலாம் என்றார் டாக்டர். எவ்வளவு தேறும் என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை.

பாதிக் கத்தரியைப் பிடுங்கிவிட்டுச் சோளம் விதைத்தான். மீதிப் பாதியைப் புழு தின்றது. ஓட்டை விழுந்த காயைச் சந்தையில் யாரும் தொடவில்லை, இரண்டு மாசம் வீட்டில் தினமும் கத்தரிக்காய்க் குழம்புதான். நாலு மாசம் கழித்துக் காளைக்குப் பத்தில் ஐந்து நீந்தின. தையில் சின்னண்ணனின் பசு சினை பிடித்தது. நவநீதகிருஷ்ணனுக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது. இன்னும் போதாது.

மாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி சௌந்திரத்திடம், எந்தக் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாய் என்று ஆரம்பித்தாள். ஒன்பது வருசமாகக் கேட்கிற கேள்வி.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா. கொற அவருக்குத்தான். மாத்திர சாப்புடறாரு."

பந்தி முழுக்கக் கேட்டது. பரிமாறுகிறவன்கூட ரசவாளியோடு நின்றுவிட்டான். எல்லோரும் நவநீதகிருஷ்ணனைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றான் அவன். ரசத்துக்குக் கையை நீட்டினான்.

கை கழுவுகிற இடத்தில் ஜெகதீஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றான். பங்காளி மகளைக் கட்டியவன், ஆறு ஏக்கர் பருத்தி, கல்யாணமாகி ஐந்து வருசம். குழாயைத் திறந்துவிட்டு, "மாமா, எந்த டாக்டருங்க?" என்றான்.

"மாட்டுக்கா, ஆளுக்கா?"

ஜெகதீஸ்வரன் இரண்டு பக்கமும் பார்த்தான். "மாட்டுக்குத்தானுங்க."

நவநீதகிருஷ்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, சேலத்து டாக்டரின் நம்பரைச் சொன்னான்.